மறுமொழி: ‘காற்றோடை’யா, ‘காற்றுத்தாரை’யா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

வளிமண்டலத்தில் ஒடுங்கிய பட்டையாக மிக வேகமாகப் பாயும் காற்றான ஜெட் ஸ்ட்ரீமைத் தமிழில் ‘காற்றோடை’ எனலாம் என்று குழுவில் வந்த பரிந்துரையை இரண்டு நாள்களாக எண்ணிப் பார்த்தேன். சொல் அழகானதுதான், ஆயினும் கோத்தகிரிப் பக்கத்தில் நான் பாடம் நடத்தும் மாணவர்களுக்கு ஓடை என்பது தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே சலசலத்து ஓடும் சிறு நீர். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு 30 மீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் பாயும் ஒன்றை அச்சொல் அவர்கள் மனத்தில் எழுப்பாது. ‘காற்றாறு’ என்றாலோ, நீராவியைச் சுமந்து செல்லும் வளிமண்டல ஆறுகளோடு குழம்பிவிடும். ‘நீர்த்தாரை’ முன்பே வழக்கில் இருப்பதால் நான் ‘காற்றுத்தாரை’யையே ஏற்கிறேன். தாரை என்றால் நேராகப் பாய்வது, இதுவோ வளைந்து நெளிவது என்ற மறுப்பு சரியே. அந்த நெளிவை வரைபடத்தில் காட்டிக்கொள்ளலாம்.

எனக்குள்ள பெரிய கவலை அதன் அடைமொழிகளைப் பற்றியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே ஏறத்தாழ 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து ஒரு தாரை பாய்கிறது, 1958-இல் வானிலை அறிஞர் பி. கோட்டேசுவரம் விரிவாக எழுதியது இதைப் பற்றித்தான். அதே பருவத்தில், அரபிக்கடலைக் கடந்து வரும் இன்னொரு தாரை, சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து வந்து நீலகிரியின் தோளில் மோதுகிறது. மோதி மேலேறும் ஈரக்காற்றுதான் கூடலூரையும் அவலாஞ்சியையும் நனைக்கிறது. மலையின் மறைவிலுள்ள கோத்தகிரிக்கு அதில் சிறு பங்கே கிடைக்கிறது. இவ்விரண்டையும் மரபுப்படி ‘கீழைத் தாரை’, ‘மேலைத் தாரை’ என்று எழுதினால், உயரே இருப்பது கீழை, தாழ இருப்பது மேலை என்றாகிவிடும். சென்ற பருவத்தில் வகுப்பில் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். விடைத்தாள்களில் பாதிப்பேர் உயரங்களை மாற்றி எழுதியிருந்தார்கள். பிழை அவர்களுடையது அன்று.

கிழக்குக் காற்றுக்குக் ‘கொண்டல்’, மேற்குக் காற்றுக்குக் ‘கோடை’ என்ற பழம்பெயர்களைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். ஆனால் கொண்டல் என்றால் மேகமும் ஆகும், கோடை என்றால் வெயில் காலமும் ஆகும். வட இந்தியாவுக்கு மேலே குளிர்காலத்தில் பாயும் மேற்குத் தாரையைக் ‘கோடைத் தாரை’ என்று எப்படிக் கற்பிப்பது?

ஆகவே திசைக்குக் ‘கிழக்கு’, ‘மேற்கு’ என்றும், உயரத்துக்கு ‘உயர்நிலை’, ‘தாழ்நிலை’ என்றும் பிரித்துக்கொண்டு, ‘உயர்நிலைக் கிழக்குக் காற்றுத்தாரை’, ‘தாழ்நிலை மேற்குக் காற்றுத்தாரை’ என வழங்கலாம் என்று முன்மொழிகிறேன். பெயர்கள் நீளமானவை என்பதை அறிவேன். எனினும் ஜூலையில் மூடுபனி சற்று விலகும் வேளையில் மாணவர்களை வெளியே அழைத்துச் சென்றால், தாழ்ந்த மேகங்கள் கிழக்கு நோக்கி விரைவதையும், அவற்றுக்கும் மிக மேலே கீற்று மேகங்கள் மேற்கு நோக்கி நகர்வதையும் ஒரே வானத்தில் காட்டி, இரு பெயர்களையும் அங்கேயே விளங்க வைக்கலாம்.

படுகு மொழி அறிந்தவர்களும் கொடைக்கானல் பகுதி நண்பர்களும் ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு உங்கள் ஊரில் தனிப்பெயர் உண்டா என்று தெரிவித்தால், அதையும் வைத்துப் பார்த்த பிறகு பட்டியலில் சேர்க்கலாம்.