சந்தேகம்: எடை கூடிய குழந்தைக்குக் குள்ளத்தன்மை என்று செயலி காட்டுகிறது, அவசரம்

மையப்பணியாளர்
அனைவருக்கும் வணக்கம். எங்கள் அங்கன்வாடியில் சென்ற மாதம் வரை பச்சையில், அதாவது இயல்பு நிலையில், இருந்த ஒரு குழந்தைக்கு, இம்மாத அளவீட்டைப் போஷன் டிராக்கர் செயலியில் பதிந்தவுடன் குள்ளத்தன்மை என்று வருகிறது. எடை கூடியிருக்கிறது; சத்துமாவு தவறாமல் வாங்குகிறார்கள்; காய்ச்சல், வயிற்றுப்போக்கு எதுவும் இல்லை. மேற்பார்வையாளர் நாளைக்குள் விளக்கம் கேட்டிருக்கிறார். எங்கே பிழை என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

தரவுப்பித்தன்
பிறந்த தேதிதான், வேறொன்றும் இருக்க முடியாது. பதிவில் ஒரு மாதம் முன்னே போயிருந்தாலும் குழந்தையை மூத்த வயதினரோடு ஒப்பிட்டுவிடும். பிறப்புச் சான்றிதழை வாங்கிச் சரிபாருங்கள்.

செம்பருத்தி
அக்கா, குழந்தை ஆணா பெண்ணா, வயது எத்தனை மாதம், இரு மாதங்களின் உயரமும் எடையும் என்ன, எந்தக் கருவியில் அளந்தீர்கள்? இவை இல்லாமல் எதையும் ஊகிக்க முடியாது.

ஓய்வுபெற்றவன்
குள்ளத்தன்மை என்பது வயதுக்கேற்ற உயரம். அதில் எடைக்கு இடமே இல்லை. எடை கூடியும் ஏன் இப்படி என்று கேட்பவர் பயிற்சி நாளில் எங்கே இருந்தார் என்று தெரியவில்லை. நாங்கள் சால்டர் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து, வளர்ச்சி வரைபடத்தில் கையால் புள்ளி வைத்த காலத்தில் இப்படியொரு கேள்வி எழுந்ததில்லை.

மையப்பணியாளர்
பெண் குழந்தை. சென்ற மாதம் உயரம் 79.4 செ.மீ., இப்போது 79.0. எடை 9.6 கிலோ, இப்போது 9.8. பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டேன், தேதி சரி.

தரவுப்பித்தன்
அப்படியானால் சான்றிதழே தவறாக இருக்கலாம்.

ஒரு தாய்
நான் பணியாளர் அல்ல, மூன்று வயதுப் பிள்ளையின் தாய். குழந்தையின் உயரம், எடை, தாயின் ஆதார், கைப்பேசி எண் எல்லாம் சேர்ந்து எங்கே போகின்றன என்று எங்களிடம் யாரும் விளக்குவதில்லை. 2025 ஜூலை 1 முதல் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துணவுக்கு முகப்பதிவும் கட்டாயமாகிவிட்டது. குழந்தைக்குச் சோறு போட இத்தனை தரவு எதற்கு?

ஓய்வுபெற்றவன்
1975 அக்டோபர் 2 அன்று, அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலத்திலிருந்தே பதிவேடுகள் உண்டு, அம்மா. கணக்கு இல்லாத இடத்தில் மெலிந்த குழந்தையை மருத்துவரிடம் அனுப்புவதும் இல்லை. 2021 மார்ச்சில் போஷன் டிராக்கர் வந்தபோது நோட்டு கைப்பேசியாக மாறியது, அவ்வளவுதான்.

ஒரு தாய்
அவ்வளவுதான் என்று சொல்லிவிட முடியாது, ஐயா. நோட்டு மையத்து அலமாரியில் இருந்தது. இது நாடு முழுவதுக்குமான ஒரே தொகுப்பில் சேர்கிறது. ஆதார் எண்ணைத் தர இயலாத எந்தக் குழந்தைக்கும் நலத்திட்டப் பயனை மறுக்கக் கூடாது என்று 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. கணக்கெடுப்பதை நான் எதிர்க்கவில்லை; அளவெடுப்பதும் அடையாளம் கேட்பதும் வெவ்வேறு காரியங்கள், இரண்டையும் ஒரே முடிச்சாகப் போடுவதைத்தான் கேட்கிறேன்.

தரவுப்பித்தன்
ஆதார் இல்லாவிட்டால் ஒரே குழந்தை இரண்டு மையங்களில் பதிவாகும். முடிச்சு அதற்காகத்தான்.

செம்பருத்தி
இந்த விவாதம் தேவையானதுதான், ஆனால் தனியாக வைத்துக்கொள்ளலாம்; அக்காவுக்கு நாளைக்குள் பதில் வேண்டும். மேலே உள்ள எண்களை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எடை கூடும் குழந்தைக்கு உயரம் 0.4 செ.மீ. குறைய வழியில்லை. ஆகவே குழந்தை மாறவில்லை, அளந்த முறை மாறியிருக்கிறது. இரண்டு வயது நிறையும் வரை படுக்கவைத்து நீளமும், அதன்பின் நிற்கவைத்து உயரமும் எடுக்க வேண்டும். நிற்கும்போது அதே குழந்தை ஏறத்தாழ 0.7 செ.மீ. குறைவாக இருக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் 2006 அளவுகோலே இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொண்டுதான் அமைந்திருக்கிறது. 23 மாதப் பெண் குழந்தைக்குக் குள்ளத்தன்மையின் எல்லை 79.2 செ.மீ. உங்கள் குழந்தைக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை என்றும், நன்றாக நிற்கிறதே என்று, நிற்கவைத்து அளக்கும் ஸ்டேடியோமீட்டரில் நிறுத்தினீர்கள் என்றும் நினைக்கிறேன். சரியா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீளத்தைக் குறைத்துப் பதிந்தால் அந்த நீளத்துக்கு எடை போதுமானதாகத் தோன்றும். குள்ளத்தன்மை இல்லாத குழந்தைக்கு அதைச் சூட்டும் அதே பிழை, உண்மையிலேயே மெலிந்த குழந்தையின் மெலிவை மறைத்துவிடும். எனக்கு அதுதான் பெரிய கவலை.

ஓய்வுபெற்றவன்
இதைத்தான் நான் முதலிலேயே உயரம் என்று சுட்டிக்காட்டினேன்.

ஒரு தாய்
தாங்கள் சுட்டிக்காட்டியது பயிற்சி நாளை, ஐயா.

மையப்பணியாளர்
23 மாதம்தான். நிற்கவைத்துத்தான் அளந்தோம். இன்று இன்ஃபன்டோமீட்டரில் படுக்கவைத்து, உதவியாளர் தலையைப் பிடித்துக்கொள்ள, இரண்டு முறை எடுத்தோம், 79.8. பச்சை. நன்றி சகோதரி.

செம்பருத்தி
மகிழ்ச்சி, அக்கா. மேற்பார்வையாளருக்கு எழுதும்போது 79.0 எப்படி வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எண்ணை மட்டும் மாற்றினால் கணக்குக்காகத் திருத்தியதாக நினைத்துவிடுவார்கள். அன்று உங்கள் மையத்தில் இரண்டு வயதுக்குட்பட்ட வேறு குழந்தைகளையும் நிற்கவைத்து அளந்தீர்களா?

தரவுப்பித்தன்
நானும் அதையே கேட்க வந்தேன். எத்தனை பேர், அக்கா?