சைப்ரஸில் வீடு: கடலோரமா, மலையா?

கேள்வி: ஓய்வுக்காலத்துக்கு சைப்ரஸில் வீடு தேடுகிறோம். கணவருக்கு மூட்டு வலி. கடலோர நகரமான லிமசோலா, த்ரூதோஸ் மலைக் கிராமமா?

பதில்: லிமசோலில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். ஆகஸ்டை விடுங்கள், ஏசி இருக்கிறது. ஜனவரியில் வந்து பாருங்கள்! வெப்பக்காப்பு இல்லாத பழைய வீடு; கம்பளிக் கோட்டோடுதான் சமைக்கிறேன். அலமாரிக்குப் பின்னால் பூஞ்சணம். வீடு பார்க்கும்போது அலமாரியை நகர்த்தச் சொல்லுங்கள், தரகர் முகம் மாறும்.

இன்னொருவர்: மலையில் கோடை இதம்தான். ஆனால் 2021 ஜூலையில் அரகபாஸ் பக்கம் காட்டுத்தீ பரவியது. காப்பீட்டுக் கட்டணத்தை முதலில் விசாரியுங்கள்.

கேட்டவர்: பிப்ரவரியில் வருகிறோம், அலமாரியை நகர்த்த. கூரைதோறும் தண்ணீர்த் தொட்டி எதற்கு?

பதில்: 2008 வறட்சியில் கிரேக்கத்திலிருந்து கப்பலில் தண்ணீர் வந்த தீவு இது. பெரிய தொட்டியாகப் பாருங்கள்.