பொன்வலைச் சிலந்திக்கும் பழுப்புச் சிலந்திக்கும் எந்தப் பெயரை எழுதுவது?

பனித்துளி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சிலந்திகளைப் படமெடுத்து, பார்த்த நாளையும் நேரத்தையும் குறித்துப் பதிவேட்டில் சேர்த்து வருகிறேன். படமெடுப்பது கைக்கு வந்துவிட்டது. பெயர் எழுத வேண்டிய இடத்தில்தான் பேனா நின்றுவிடுகிறது.

முதல் சிக்கல், பொன்னிற நூலில் பெரிய வலை கட்டும் நீண்ட கால் சிலந்தி. பழைய நூல் ஒன்று அதை நெஃபிலா மேக்குலேட்டா என்கிறது. புதிய கையேடு நெஃபிலா பிலிபெஸ் என்கிறது. குடும்பமும் நிலையாக இல்லை. ஒரு நூலில் டெட்ராக்னாதிடே, இன்னொன்றில் நெஃபிலிடே, மூன்றாவதில் அரேனிடே.

இரண்டாவது, பொழுது சாய்ந்ததும் வட்டவலை கட்டி, விடிவதற்குள் அதைச் சுருட்டித் தின்றுவிடும் பழுப்புச் சிலந்தி. படத்தைப் பார்த்த ஒருவர் அரேனியஸ் என்றார், மற்றொருவர் நியோஸ்கோனா என்றார். இருவருமே அடித்துச் சொல்கிறார்கள். நான் எதை எழுதட்டும்? பெயர்கள் இப்படி மாறிக்கொண்டே இருந்தால் எழுதி வைப்பதில் என்ன பயன் என்றுகூடத் தோன்றுகிறது.

வலைநூல்

பயன் இருக்கிறது, பனித்துளி. எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். உங்கள் இரண்டு சிக்கல்களும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேறு வேறு. முதலாவதில் விலங்கு எது என்பதில் யாருக்கும் ஐயமில்லை, பெயர்ச்சீட்டுதான் மாறியிருக்கிறது. இரண்டாவதில் விலங்கே இன்னும் அடையாளம் காணப்படவில்லை. இவை இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால்தான் குழப்பம்.

பொன்வலைச் சிலந்தியை எடுத்துக்கொள்வோம். மேக்குலேட்டா, பிலிபெஸ் இரண்டுமே 1793இல் பூச்சியியலாளர் ஃபேப்ரிசியஸ் வைத்த பெயர்கள். பின்னால் வந்தவர்கள் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒரே இனம் என்று கண்டார்கள். ஓர் இனத்துக்கு ஒரு பெயர்தான் செல்லும் என்பது விதி, பிலிபெஸ் நின்றது. ஆகவே உங்கள் பழைய நூலைத் தூக்கி எறிய வேண்டாம். அதில் மேக்குலேட்டா என்று வரும் இடமெல்லாம் பிலிபெஸ் என்று படித்துக்கொண்டால் போதும், அதிலுள்ள தகவல் அப்படியே உதவும்.

சிலந்திகளில் இப்படி ஒன்றுக்கு இரண்டு மூன்று பெயர்கள் விழுந்தது வியப்பே இல்லை. நெஃபிலா பிலிபெஸ் பெண்ணின் உடல் மட்டுமே ஐந்து சென்டிமீட்டர் வரை வளரும். அதே வலையின் ஓரத்தில் காத்திருக்கும் செம்பழுப்பு ஆணோ சில மில்லிமீட்டர்தான். கப்பலில் வந்து சேர்ந்த உலர்ந்த மாதிரிகளை மட்டும் பார்த்து எழுதியவர்களுக்கு அவை கணவன் மனைவி என்று எப்படித் தெரியும்? குஞ்சுக்கு ஒரு பெயர், வளர்ந்ததற்கு ஒரு பெயர், நிறம் மாறியதற்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டே போனார்கள்.

பெயருக்குப் பின்னால் ஃபேப்ரிசியஸ், 1793 என்பது அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது அலங்காரம் இல்லை. பெயர் வைத்தவர் முதலில் வேறு பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு, இனப்பெயரின் முதற்சொல் அதுதான்) வைத்தார், பிறகு இடம் மாறியிருக்கிறது என்று அந்தக் குறி சொல்கிறது. அவர் எழுதியது அரேனியா பிலிபெஸ். உயிர்களுக்கு இருசொற் பெயரிடும் முறையைப் பரப்பிய லின்னேயஸ் எல்லாச் சிலந்திகளையும் அரேனியா என்ற ஒரே பேரினத்தில் அடைத்திருந்த காலம் அது. குறி இல்லாமல் அரேனியஸ் டயடெமாட்டஸ் கிளெர்க், 1757 என்றிருந்தால், வைத்த இடத்திலேயே இன்றுவரை இருக்கிறது என்று பொருள்.

அந்த 1757 என்ற ஆண்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். விலங்குகளின் அறிவியல் பெயர்கள் எல்லாம் 1758இல் வந்த லின்னேயஸின் 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் பத்தாம் பதிப்பிலிருந்துதான் கணக்கில் சேரும். சிலந்திகளுக்கு மட்டும் விலக்கு. ஸ்வீடன் நாட்டின் கார்ல் கிளெர்க் அதற்கு முந்தைய ஆண்டே தம் நாட்டுச் சிலந்திகளை வரைந்து, விவரித்து, இருசொற் பெயரிட்டு நூலாக்கியிருந்தார். அந்த உழைப்பை ஒதுக்க மனமில்லாமல், அவருடைய பெயர்களுக்கு முன்னுரிமை தரும் விதியைத் தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். வட்டவலைச் சிலந்திகளின் குடும்பமான அரேனிடேக்குப் பெயர் வைத்தவராகவும் அவரைத்தான் குறிக்கிறார்கள்.

இனி குடும்பம் மாறிய கதை. நெஃபிலா வெகுகாலம் அரேனிடேயில் இருந்தது. பிறகு நீள்தாடைச் சிலந்திகளோடு டெட்ராக்னாதிடேயில் சேர்க்கப்பட்டது. 2006இல் சிலந்தி ஆய்வாளர் குன்ட்னர் அதற்கு நெஃபிலிடே என்ற தனிக் குடும்பத் தகுதி கொடுத்தார். 2017இல் மரபணு ஆய்வு ஒன்றைக் கொண்டு மீண்டும் அரேனிடேக்குள் கொண்டுவந்தார்கள். 2019இல் குன்ட்னரும் உடன் ஆய்வாளர்களும் மறுபடி தனியாகப் பிரித்தார்கள். அதே ஆண்டில், 1911இல் டால் என்ற ஆய்வாளர் உட்பேரினமாக வைத்த டிரைக்கோநெஃபிலாவைப் பேரினமாகவும் உயர்த்தினார்கள். அமெரிக்காவில் பரவிவருவதாகச் செய்திகளில் அடிபடும் ஜோரோ சிலந்தி முன்பு நெஃபிலா கிளவேட்டா, இப்போது டிரைக்கோநெஃபிலா கிளவேட்டா. உங்கள் பிலிபெஸ் நெஃபிலாவிலேயே தங்கிவிட்டது.

என் பரிந்துரை இது. பதிவேட்டில் 'நெஃபிலா பிலிபெஸ், வளர்ந்த பெண்' என்று எழுதுங்கள். குடும்பத்தைத் தனிக் கட்டத்தில் பென்சிலால் எழுதுங்கள். இனப்பெயர், அதற்கு அடையாளமாக அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் மூல மாதிரியோடு கட்டப்பட்டது, அது எளிதில் நகராது. குடும்பம் என்பது உறவைப் பற்றிய ஒரு கருத்து. புதிய சான்று வந்தால் மாறத்தான் வேண்டும், மாறாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

பழுப்புச் சிலந்திக்கு வருகிறேன். இரவில் கட்டி விடியலில் பிரிப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நிறத்தை வைத்து அறவே முடியாது. அரேனியஸ் என்பது நீண்ட காலமாக, வேறிடம் தெரியாத வட்டவலைச் சிலந்திகளை எல்லாம் போட்டு வைத்த பேரினம். பலவற்றை வெளியே எடுத்த பிறகும் 500க்கு மேற்பட்ட இனங்கள் அதில் இருக்கின்றன. எடுக்கும் வேலை இன்னும் நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் தோட்டந்தோறும் தெரியும் ஒரு சிலந்தி அரேனியஸ் டிரான்ஸ்மரினஸாக இருந்து, எரியோஃபோரா டிரான்ஸ்மரினாவாகி, 2021இல் ஹோர்டோஃபோரா டிரான்ஸ்மரினா ஆயிற்று. பேரினம் ஆண்பாலிலிருந்து பெண்பாலுக்குப் போனதால் இனப்பெயரின் ஈறும் சேர்ந்து மாறியிருக்கிறது, பாருங்கள். எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. சிலந்தி வலையின் நடுவில் தலைகீழாக இருக்கும்போது, முதுகுப்புறத்தை நேராகப் படமெடுங்கள். தலைமார்பின் நடுவில், வயிறு தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு சிறு பள்ளம் இருக்கும். வளர்ந்த பெண்ணில் அது நெடுக்காக, உடலின் நீளவாக்கில் ஒரு கோடு போல இருந்தால் நியோஸ்கோனா. குறுக்காக இருந்தால் அரேனியஸ் பக்கம் பார்க்கலாம். பல பேர் வயிற்றின் அழகான இலை வடிவத்தை மட்டும் நெருக்கமாக எடுத்துவிட்டு இந்தப் பள்ளத்தை மங்கலாக விட்டுவிடுகிறார்கள். பிறகு பெயர் சொல்லச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். பார்ப்பவர்களும் கேட்டவருக்காக ஏதோ ஒன்றைச் சொல்லி வைக்கிறார்கள். இந்த வழக்கத்தின் மேல் எனக்குப் பெரும் வருத்தம் உண்டு.

கிளைநுனி

வலைநூல் அக்கா சொன்னதில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நெஃபிலிடேயைத் தனிக் குடும்பமாக வைப்பதே சரி என்பது என் கருத்து. அரேனிடேயில் ஏற்கெனவே 3000க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் அதிலேயே கொட்டினால், 'அரேனிடே' என்று சொல்வதால் கேட்பவருக்கு என்ன தெரியப்போகிறது? பார்த்த கணத்தில் அடையாளம் தெரியும் ஒரு கூட்டத்துக்குத் தனிப் பெயர் இருப்பதுதானே வசதி?

இன்னொரு கேள்வியும் உண்டு. படுக்கைவாக்கில் அச்சு அசலான வட்டவலை கட்டும் சின்னச் சிலந்தி ஒன்றை அடிக்கடி பார்க்கிறேன். அதை யூலோபோரிடே என்கிறார்கள். வட்டவலை கட்டுகிறது, ஆனால் வட்டவலைச் சிலந்திக் குடும்பம் இல்லை என்றால், வலையின் வடிவத்துக்கு மதிப்பே இல்லையா?

வலைநூல்

தம்பி, குடும்ப விவகாரத்தில் உங்கள் வாதம் நியாயமானது. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். நெஃபிலா கூட்டம் ஒரு தனிக் கிளை, அது அரேனிடேயின் பக்கத்தில் இருக்கிறது என்பதில் இன்றைய மரபணு ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை இல்லை. அந்தக் கிளையைக் குடும்பம் என்பதா, துணைக்குடும்பம் என்பதா என்பதில்தான் சண்டை. முதலாவது சிலந்தியைப் பற்றிய கேள்வி, அளந்து பார்க்கலாம். இரண்டாவது நம் வசதியைப் பற்றியது, பேசித்தான் தீர்க்க வேண்டும். பனித்துளி போன்றவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்து, அறிவியலே ஆட்டம் காண்கிறது என்று மனம் தளர்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வலையின் வடிவத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதைத் தூரத்தில் நின்று பார்த்தால் போதாது. உங்கள் சின்னச் சிலந்தியின் வலையில் ஒரு சுருள்நூலைக் கைக்கண்ணாடியால் பாருங்கள், பின்புறம் கறுப்பாக இருக்கட்டும். அரேனிடே வலையின் சுருள்நூலில் பசைத்துளிகள் கோத்த மணிகள்போல வரிசையாகப் பளபளக்கும். யூலோபோரிடே வலையில் ஒரு துளிகூட இருக்காது. நூலைச் சுற்றிப் பஞ்சு படர்ந்ததுபோல வெண்மையாக, உலர்ந்து தெரியும். நூற்பு உறுப்புகளுக்கு முன்னால் உள்ள சல்லடைத் தகட்டிலிருந்து வரும் மிக மெல்லிய இழைகளைப் பின்னங்காலின் சீப்பு முடியால் வாரி வாரி அது செய்த நூல் அது. பசையே இல்லாமல் பூச்சியைப் பிடிக்கிறது. அந்தச் சிலந்திக்கு நஞ்சுச் சுரப்பியும் கிடையாது. இரையை நூலால் இறுக்கிச் சுற்றியே அடக்குகிறது.

இந்த இரண்டு வகையும் ஒரே மூதாதையின் நேர் வாரிசுகள், வட்டவலை ஒரே முறை தோன்றியது என்று நெடுநாள் நம்பினார்கள். அதற்காகவே ஆர்பிகுலாரியே என்று ஒரு பெருங்கூட்டத்தை வகுத்தார்கள். 2014இல் வந்த பெரும் மரபணுத் தொகுப்பு ஆய்வுகள் அதை உடைத்துவிட்டன. யூலோபோரிடேக்கு நெருங்கிய உறவினர், தரையில் ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்திகளும் தாவும் சிலந்திகளும் அடங்கிய கூட்டம்தான் என்று தெரிந்தது. அப்படியானால் வட்டவலை மிகப் பழையது, பல கிளைகள் அதைக் கைவிட்டன என்று கொள்ள வேண்டும். அல்லது இரு முறை தனித்தனியே தோன்றியது என்று கொள்ள வேண்டும். இரண்டில் எது என்ற வாதம் ஓயவில்லை. எதுவாக இருந்தாலும் வியக்க வைக்கிறது.

மறுபக்கமும் பாருங்கள். அரேனிடேயிலேயே வட்டவலை கட்டாதவை இருக்கின்றன. அமெரிக்கக் கண்டங்களின் மாஸ்டோஃபோரா வலையே கட்டுவதில்லை. ஒற்றை நூலின் நுனியில் ஒரு பசை உருண்டையைத் தொங்கவிட்டு, பெண் விட்டிலின் மணத்தைத் தானே சுரந்து ஆண் விட்டிலை வரவழைத்து, உருண்டையை வீசிப் பிடிக்கிறது. சிர்டோஃபோரா கட்டுவது கூடாரம்போன்ற நெருக்கமான படுக்கை வலை, அதில் பசையே இல்லை. வலையை மட்டும் பார்த்திருந்தால் இவற்றைக் குடும்பத்துக்குள் சேர்த்திருப்போமா? கண்களின் அமைப்பும், ஆணின் வாய்ப்புறச் சிறுகைகளின் நுனியில் உள்ள இனப்பெருக்க உறுப்பும்தான் உறவைச் சொல்லின.

பனித்துளி

மிக்க நன்றி, அக்கா. நேற்றிரவு முதுகுப்புறத்தை நேராக எடுத்தேன். பள்ளம் நெடுக்காக, கறுத்த கோடாகத் தெளிவாகத் தெரிகிறது. வலையின் மறுபக்கம் போய் அடிவயிற்றையும் எடுத்தேன். முன்பாதியின் நடுவில், பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய கெட்டியான பழுப்பு நாக்கு போன்ற ஒன்று இருக்கிறது. படத்தை இணைத்திருக்கிறேன். இனப்பெயர் சொல்ல முடியுமா?

வலைநூல்

அருமையான படங்கள். அந்த 'நாக்கு' பெண்ணின் இனப்பெருக்க உறுப்புத் தகட்டின் ஒரு பகுதி. அது இருப்பதால் அவள் முழு வளர்ச்சி அடைந்த பெண் என்பது உறுதி; குஞ்சுகளில் அது உருவாகியிருக்காது. பள்ளம் நெடுக்காக இருக்கிறது. நாக்கும் சுருக்கங்கள் இல்லாமல் தகட்டோடு ஒட்டிக் கெட்டியாக இருக்கிறது. நியோஸ்கோனா என்று தயங்காமல் மையால் எழுதுங்கள்.

இனப்பெயரை நான் சொல்ல மாட்டேன். ஒரே இனத்துக்குள்ளேயே வயிற்றின் கோலம் ஆளுக்கு ஆள் மாறும் பேரினம் இது. நாக்கின் ஓரங்கள் எங்கே ஒடுங்குகின்றன, நுனி எவ்வளவு அகலம் என்பதை நுண்ணோக்கியில் வைத்து, மூல மாதிரியின் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். உங்கள் படத்தில் அந்த ஓரங்களில் ஒளி பட்டு வெளுத்துவிட்டன. 'நியோஸ்கோனா, இனம் முடிவாகவில்லை, வளர்ந்த பெண், பள்ளம் நெடுக்கு, அடிவயிற்றுப் படம் உண்டு' என்று எழுதுங்கள். இந்தப் பேரினத்தைத் திருத்தி எழுத வருபவர், உறுதியின்றி ஒட்டப்பட்ட இனப்பெயரைவிட இந்த வரியைத்தான் தேடுவார்.

அடுத்த முறை ஒளியைப் பக்கவாட்டிலிருந்து தாழ்வாகக் கொடுங்கள், ஓரங்கள் தெரியும். பக்கத்தில் ஆண் சுற்றிக்கொண்டிருந்தால் அதன் வாய்ப்புறச் சிறுகைகளைப் பக்கவாட்டில் எடுத்து, இதே எண்ணின் கீழ்ச் சேர்த்துவிடுங்கள்.