கலைச்சொல்: ‘ஒருமடியக் குறைவு’ என்பதை மாற்றுவோமா?

அனுப்புநர்: பூம்பாறை

குழுவினருக்கு வணக்கம்.

குன்னூர் நண்பர் தொகுத்த மரபணுவியல் சொற்பட்டியலைப் படித்தேன். ‘சேர்மம்’, ‘செயல்வழி’ இரண்டும் எனக்கு முழுச் சம்மதம். ‘பயோஆக்டிவ்’ என்பதற்கு ‘உயிர்வினை’ என்று போட்டதும் நல்லதே. ‘உயிரூக்கி’ என்று போட்டிருந்தால் விஷத்தையும் டானிக் என்று விற்றிருப்பார்கள். 11ஆம் வரியில்தான் பேனா நின்றுவிட்டது.

> ஹாப்ளோ-இன்சஃபிஷியன்சி = ஒருமடியக் குறைவு

ஒரு மரபணுவின் இரண்டு நகல்களில் ஒன்று இல்லாமல் போய், மிச்சமுள்ள ஒன்று செல்லுக்குப் போதாமல் இருப்பதற்குத்தான் இந்தப் பெயர். இந்தச் சொல் எனக்கு எதற்குத் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து, பூண்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆடி மாதத்தில் ஒரு சோதனை செய்தோம். ரொட்டிக் கடையில் வாங்கிய உலர் ஈஸ்டைச் சர்க்கரைத் தண்ணீரில் ஊறவைத்து, அகர் தட்டில் பரப்பி, நடுவில் பூண்டுச்சாற்றில் தோய்த்த வடிதாள் வில்லையை வைத்தோம். ஈஸ்ட் செழிக்க 30 டிகிரி வெப்பம் வேண்டும். ஆடியில் பூம்பாறையில் அந்த வெப்பம் அடுப்படியைத் தவிர எங்கும் கிடைக்காது. அட்டைப்பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, தட்டுகளை உள்ளே அடுக்கி, மேலே ஒரு பழைய கம்பளியைப் போர்த்தினோம்.

இரண்டாம் நாள் பார்த்தால் தட்டு முழுவதும் பாலாடைபோல் ஈஸ்ட் படர்ந்திருக்கிறது. வில்லையைச் சுற்றி மட்டும் ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக வெற்று வட்டம். உரலில் நசுக்கிய பூண்டுக்குத்தான் வட்டம் விழுந்தது. முழுப்பல்லாக வேகவைத்து, பிறகு நசுக்கியதற்கு விழவில்லை. பல் நசுங்கும்போதுதான் அல்லினேஸ் என்னும் நொதி அல்லின் என்னும் சேர்மத்தோடு கலந்து, ஈஸ்டைக் கொல்லும் அல்லிசின் உண்டாகிறது. வெந்துவிட்டால் நொதி செயலிழந்துவிடும். இதையெல்லாம் விளக்கி முடித்தபோது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “பூண்டு ஈஸ்டைக் கொல்கிறது, சரி. ஈஸ்டுக்குள்ளே எந்த இடத்தில் அடிக்கிறது?”

வெற்று வட்டம் அதற்குப் பதில் சொல்லாது. பதில் சொல்லும் முறை ஒன்று உண்டு. அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் 11ஆம் சொல் இடறியது.

1996இல் ஈஸ்டின் மரபணுத்தொகை முழுவதும் படித்து முடிக்கப்பட்டது. உட்கரு உள்ள உயிர்களில் அதுவே முதல். மரபணுக்கள் சுமார் 6000. அடுத்த சில ஆண்டுகளில் பல நாட்டு ஆய்வகங்கள் கூடி, ஒரு மரபணுவை நீக்கினால் ஒரு வகை ஈஸ்ட் என்று ஆயிரக்கணக்கில் செய்து வைத்தன. ஒவ்வொரு வகைக்குள்ளும் 20 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. அடையாளத்தையும் செருகினார்கள். இதற்கு (ஆங்கிலத்தில் ‘பார்கோடு’) பட்டியலில் ‘பட்டைக்குறி’ என்று இருக்கிறது. இங்கே பட்டையும் இல்லை, கோடும் இல்லை. எழுத்துகளின் சரம்தான் இருக்கிறது. ‘குறிச்சரம்’ என்பது என் யோசனை. எல்லா வகைகளையும் ஒரே குடுவையில் கொட்டி, சேர்மத்தைக் கலந்து, சில தலைமுறைகள் வளரவிட்டு, எந்தக் குறிச்சரம் குறைந்துபோனது என்று எண்ணினால் எந்த வகை நொந்தது என்று தெரிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், அந்த 6000இல் ஆயிரத்துக்கு மேற்பட்டவை இல்லாவிட்டால் ஈஸ்ட் உயிரோடு இருக்காது. அவற்றை முழுதாக நீக்க வழியில்லை. பல மருந்துகள் குறிவைப்பதோ அவற்றின் புரதங்களையே. குரோமோசோம் தொகுதி இரண்டு உள்ள இருமடிய ஈஸ்டில் மரபணு ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல் உண்டு. ஒன்றை மட்டும் நீக்கினால் புரதம் ஏறத்தாழப் பாதியாகும். பெரும்பாலும் ஈஸ்ட் அதைச் சமாளித்துக்கொள்ளும். மருந்து வந்து மிச்சமுள்ள பாதியிலும் கைவைக்கும்போது தள்ளாடும்.

பிள்ளைகளுக்கு நான் சொன்ன உதாரணம் இது. கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழி ஒன்று, பழனி வழி ஒன்று. ஒன்றில் மண் சரிந்தாலும் காய்கறி லாரி மற்றொன்றில் போய்விடும். ஒரு வழியை ஏற்கெனவே அடைத்துவைத்திருக்கும்போது மற்றதில் ஒரு சவுக்கு மரம் சாய்ந்தால் போதும், சந்தை காய்ந்துவிடும். இப்படி 6000 ஊர்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாலை என்று வைத்துக்கொண்டு, ஊருக்கு ஒரு சாலையை அடைத்துவிட்டு மழையைப் பெய்யவிடுங்கள். எந்த ஊர் பட்டினி கிடக்கிறதோ அதன் சாலையில்தான் மரம் சாய்ந்திருக்கிறது.

1999இல் வெளிவந்த ஆய்வில் டியூனிகாமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை இப்படிச் சோதித்தார்கள். ஏ.எல்.ஜி.7 மரபணுவின் ஒரு நகலை இழந்த ஈஸ்ட் தளர்ந்தது. புரதங்களில் கோக்கவேண்டிய சர்க்கரைச் சங்கிலியைத் தொடங்கிவைக்கும் நொதி அந்த மரபணுவிலிருந்து வருவது. டியூனிகாமைசின் அதைத்தான் பிடிக்கிறது என்பது முன்பே தெரிந்திருந்தது. தெரிந்த விடையை இந்த முறை சரியாகச் சொன்ன பிறகுதான் தெரியாதவற்றைக் கேட்கத் துணிந்தார்கள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘ஒருமடியம்’ என்றால் குரோமோசோம் தொகுதியே ஒன்றுதான் என்று பொருள். இங்கே செல் இருமடியமாகவே இருக்கிறது. ஒரே ஒரு மரபணுவுக்கு மட்டும் ஒரு நகல் இல்லை. ஆங்கிலச் சொல்லே இந்த இடத்தில் வழிதவறியதுதான். அதன் பின்னாலேயே நாமும் போகவேண்டுமா? ‘குறைவு’ அதைவிட மோசம். ஒரு நகல் நீங்கிய எல்லா வகைகளிலும் புரதம் குறைவுதான். ஆனால் மருந்தே இல்லாமல், நல்ல ஊட்டத்தில், அந்தக் குறைவால் வளர்ச்சி குன்றுபவை ஈஸ்ட் மரபணுக்களில் 3 சதவீதம் அளவே. மற்றவற்றுக்கு இருப்பது போதும். ஆகவே சொல்லவேண்டியது குறைவை அல்ல, போதாமையை.

என் பரிந்துரை: ஒருபடிப் போதாமை. ஏட்டைப் படியெடுக்கிறோமே, அந்தப் படி. அரிசி அளக்கும் படியும் உள்ளே ஒலிப்பது கூடுதல் லாபம். ‘ஒருபடி நீக்கம்’, ‘இருபடி நீக்கம்’, ‘மருந்து தூண்டும் ஒருபடிப் போதாமை’ என்று கிளைகளும் தடையின்றி வருகின்றன.

இன்னொன்று. ஈஸ்டில் பிறந்த பெயர்கள் ஈஸ்டோடு நிற்பதில்லை. ராபா நூயி என்று அங்குள்ளவர்கள் அழைக்கும் ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்த நுண்ணுயிர் தந்தது ராபமைசின் என்னும் மருந்து. அதற்கு மசியாத ஈஸ்ட்களைத் தேடிப்பிடித்து, 1991இல் இரண்டு மரபணுக்களுக்கு டார்1, டார்2 என்று பெயரிட்டார்கள். ‘ராபமைசினின் இலக்கு’ என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை. அந்த வேலை நடந்த சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பழைய கோட்டைவாயில்கள் உண்டு. ஜெர்மன் மொழியில் ‘டோர்’ என்றால் வாயில். பிறகு மனித செல்லில் அதை ஒத்த புரதம் அகப்பட்டபோது பெயரும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. நம் 11ஆம் வரியும் பாடப்புத்தகத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் பிறகு எழுப்ப முடியாது.

பதில் எழுதுங்கள்.

அனுப்புநர்: குன்னூர்

ஐயா, வணக்கம்.

‘ஒருமடியம்’ என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ‘போதாமை’க்கு இரண்டு கையையும் தூக்குகிறேன். ஆனால் உங்கள் ‘ஒருபடி’ கணக்கு வகுப்பில் போய் மாட்டிக்கொள்ளும். ஒருபடிச் சமன்பாடு, இருபடிச் சமன்பாடு என்று பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடிவதற்குள் மனப்பாடம் செய்திருப்பார்கள். ‘இருபடி நீக்கம்’ என்று கரும்பலகையில் எழுதினால் எக்ஸ் வர்க்கத்தை அடித்துவிடுவார்கள். ‘ஒற்றைப்படி’ என்று மாற்றலாமா என்று பார்த்தேன். அவசரத்தில் ‘ஒற்றைப்படை’ என்று அச்சாகிவிடும்.

சாலை உதாரணத்திலும் ஒரு ஓட்டை. உங்கள் இரண்டு வழிகளும் பெருமாள்மலையில் ஒன்றாகிவிடுகின்றனவே! அதற்கு மேலே மரம் சாய்ந்தால் இரண்டும் போச்சு. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குக் குன்னூர் வழியும் கோத்தகிரி வழியும் இருக்கின்றன, அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பற்றில் சொல்லவில்லை.

பூண்டைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த முறையில் அதற்கு ஒற்றை இலக்கு அகப்படும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். புரதங்களில் கந்தக முனை எங்கெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் அல்லிசின் ஒட்டும். ஒரு மரம் ஒரு சாலையில் சாய்வது அல்ல அது. மாவட்டம் முழுவதும் மூடுபனி. அத்தகைய சேர்மங்களுக்கு இரண்டு நகலும் நீங்கிய வகைகளைப் பார்ப்பதே மேல். இலக்கைக் காட்டாவிட்டாலும், அடியைத் தாங்க ஈஸ்ட் எந்த மரபணுவை நம்பியிருக்கிறது என்பதைக் காட்டும். இங்கே நாங்கள் காய்ச்சும் யூகலிப்டஸ் தைலத்துக்கும் அப்படித்தான் தொடங்கவேண்டியிருக்கும். அதோடு, உள்ளே வந்த சேர்மத்தை வெளியே தள்ளும் பம்புகள் ஈஸ்டின் சவ்வில் இருக்கின்றன. ஒன்றும் ஆகவில்லை என்றால் சேர்மம் வீணென்று பொருளல்ல, உள்ளே தங்கவே இல்லாமலும் இருக்கலாம். பம்பு மரபணுக்களை நீக்கிய ஈஸ்டை வைத்துக்கொள்வது அதனால்தான்.

‘ஈஸ்ட்’ என்பதை ‘மதுவம்’ ஆக்கலாம் என்று யாழ்ப்பாணத்து நண்பர் தனியே எழுதியிருந்தார். அழகான சொல்தான், அங்கே பாடநூலிலும் இருக்கிறது. ஆனால் பாஸ்டர் பெயரில் 1907 முதல் ஆய்வு நிலையம் நடக்கும் ஊரில் இருந்துகொண்டு சொல்கிறேன், இங்கே பேக்கரியில் போய் மதுவம் கேட்டால் டாஸ்மாக்குக்கு வழி காட்டுவார்கள்.

அனுப்புநர்: மன்னவனூர்

ஐயா இருவருக்கும் வணக்கம். நான் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

‘அரைப்படி’ என்று சொன்னால் என்ன? எங்கள் வீட்டில் அப்பத்தா இன்றும் உலைக்கு அரிசி அளப்பது அரைப்படியில்தான். ஐந்து பேருக்கு அது சரியாக இருக்கும். விருந்தாளி வந்துவிட்டால் “அரைப்படி போதாது” என்பார். ஈஸ்டின் நிலைமையும் அதுதானே? சாதாரண நாளில் அரைப்படி போதும். மருந்து வந்து பங்கு கேட்டால் போதாது. ‘அரைப்படிப் போதாமை’ என்றால் கணக்கோடும் மோதாது, ஒருமடியத்தோடும் மோதாது.

சிறு தயக்கம்: நகல் என்ற பொருள் இதில் பின்னுக்குப் போய்விடுகிறது.

அனுப்புநர்: பூம்பாறை

பெருமாள்மலையை மறந்தது என் பிழை. வாரம் தவறாமல் அந்த முக்கில் டீ குடிப்பவன் நான்.

அம்மா, உங்கள் சொல் என் சொல்லைவிட நன்றாக இருக்கிறது. எழுதும்போதே சற்று வலிக்கிறது; ‘ஒருபடி’யை மூன்று நாள் செல்லமாக வளர்த்தேன். நகல் பின்னுக்குப் போவது உண்மைதான். ஆனால் இங்கே செல்லைத் திணறவைப்பது புரதத்தின் அளவு, அந்த அளவு சொல்லுக்குள் வந்துவிட்டது. நகலைச் சொல்லவேண்டிய இடத்தில் ‘ஒருநகல் நீக்கம்’, ‘இருநகல் நீக்கம்’ என்று வெளிப்படையாகவே எழுதிவிடலாம். அரைப்படிக்கு ‘உரி’ என்று பழைய பெயர் உண்டென்று யாராவது கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன்: பூண்டு உரிப்பவர்கள் நிறைந்த ஊரில் அது எடுபடாது.

குன்னூர் நண்பர் 11ஆம் வரியைத் திருத்திவிடுங்கள். ‘குறிச்சரம்’ பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன், ஞாயிறு வரை காத்திருக்கிறேன். அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் மூடுபனி விஷயத்தைச் சொன்னேன். “அப்படியானால் நம் குடலுக்குள்ளும் அது எல்லா இடத்திலும் ஒட்டுமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தட்டுகளைக் கழுவப் போய்விட்டாள்.