மருந்துக்கடை மென்பொருள்: என்ன வேண்டும் என்று யாரைக் கேட்பது?

கேள்வி:
எங்கள் ஊரில் ஒரு மருந்துக்கடைக்கு பில்லிங், சரக்கு இருப்பு இரண்டுக்கும் மென்பொருள் எழுத ஒப்புக்கொண்டிருக்கிறேன். என்னவெல்லாம் வேண்டும் என்று முதலாளியைக் கேட்டால், "பில் போட்டா சரி தம்பி" என்கிறார். இதை வைத்து எப்படித் திட்டம் போடுவது?

பதில் 1:
முதலாளியை விடுங்கள், கவுண்டரில் நிற்பவரைப் பிடியுங்கள். மாலைக் கூட்ட நேரத்தில் ஓரமாக நின்று பாருங்கள். பத்து மாத்திரை அட்டையில் நான்கை மட்டும் வெட்டிக் கொடுப்பார். மீதி ஆறு எந்த பேட்ச், எப்போது காலாவதி? இருப்பை அட்டைக் கணக்கில் வைத்தால் அங்கேயே இடிக்கும். அப்புறம், கொள்முதல் பில்லில் '10+1' என்று இருக்கும், அதாவது பத்து வாங்கினால் ஒன்று இலவசம். அந்த இலவச ஒன்றை அடக்கவிலையில் எப்படிச் சேர்க்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்பவரைக் கேளுங்கள். முதலாளி இதையெல்லாம் மறைக்கவில்லை. அவருக்கு அது மூச்சு விடுவது மாதிரி, சொல்லத் தோன்றாது.

பதில் 2:
எச்1 அட்டவணை மருந்துகளை (மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய, கட்டுப்பாடு அதிகமுள்ள மருந்துகள்) மறந்துவிடாதீர்கள். மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் வந்தால் கேட்பார்.

கேட்டவர்:
எச்1 பற்றி முதலாளி வாயே திறக்கவில்லை! முன்பணம் வேறு வாங்கிவிட்டேன். விலையை ஏற்றலாமா?

பதில் 1:
இப்போதே பேசுங்கள். வெட்டிக் கொடுக்கும் மாத்திரை, இலவச சரக்கு, எச்1 பதிவேடு, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். காலாவதியான சரக்கை ஏஜென்சிக்கு (மொத்த விற்பனையாளருக்கு) திருப்புவது இரண்டாம் கட்டம் என்றும் அதிலேயே போட்டுவிடுங்கள்.