புதுப்பிப்பு: புது காரா, பழைய காரா – விட்டுப்போன கணக்குகள்

முன்பு எழுதியதன் சாரம்: புது கார்களுக்குத் தட்டுப்பாடு உள்ள நேரத்தில், இரண்டு வருடம் ஓடிய கார் புதுசைவிடப் பத்து சதவீதம்கூடக் குறையவில்லை என்றால், காத்திருந்து புதுசே வாங்கலாம். அதில் மாற்றமில்லை. அதோடு, பழைய காருக்குக் கடன் வட்டி பெரும்பாலும் கூடுதல். மொத்தத் தவணையையும் கூட்டிப் பாருங்கள், வித்தியாசம் இன்னும் சுருங்கும்.

புக்கிங் படிவத்தில் 'டெலிவரி நாள் விலை' என்றிருந்தால், கட்டிய முன்பணம் விலையைக் காப்பாற்றாது. 2021-இல் கார்களுக்கான மின்னணு சிப்களுக்கு வந்த பஞ்சத்தில் சில வண்டிகள் வசதிகள் குறைந்தே வந்தன. எது உண்டு, எது இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பழையதில் முதலில் டயர். பக்கவாட்டில் 2321 என்றிருந்தால் 2021-இன் 23-ஆம் வாரத் தயாரிப்பு. மீட்டர் 15,000 கி.மீ. காட்ட, நாலு டயரும் வண்டியைவிட இளையதா? மீட்டரில் கை வைத்திருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கறை தெரிந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம், விட்டுவிடுங்கள். ஓபிடி ஸ்கேனரில் (காரின் கணினியோடு இணைத்துக் கோளாறுகளைப் படிக்கும் கருவி) பிழைக் குறியீடே இல்லை என்று மகிழவும் வேண்டாம். 'ரெடினஸ்' சோதனைகள் (ஓடும்போது கார் தன் பாகங்களைத் தானே சரிபார்ப்பவை) பல முடியாமல் நின்றால், அண்மையில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். சில நாள் ஓட்டியபின் மறுபடி ஸ்கேன் செய்யக் கேளுங்கள்.