ஒரு நிமிடத்தில் வைரஸ் தேடும் உலாவி நீட்டிப்பு இப்போதும் இருக்கிறதா?

நண்பர்களுக்கு வணக்கம். அப்பாவின் லேப்டாப் ஒரு வாரமாகப் படுத்துகிறது. விண்டோஸ் 10, 4 ஜிபி ராம். குரோமில் எதைத் தேடினாலும் கேள்விப்படாத ஒரு தேடுபக்கத்தில் போய் நிற்கிறது. திரையின் வலது மூலையில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்’ என்று சிவப்புப் பெட்டி குதிக்கிறது. அப்பா பயந்துபோய் அதை இரண்டு முறை அழுத்தியும்விட்டார்.

முன்பு பிட்டிஃபெண்டர் குயிக்ஸ்கேன் என்று ஒன்று இருந்தது. உலாவியில் சேர்த்துப் பொத்தானை அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைச் சோதித்து ஓரிரு நிமிடத்தில் முடிவைச் சொல்லிவிடும். 2015இல் குரோமும் 2017இல் ஃபயர்பாக்ஸும் பழைய வகைச் செருகுநிரல்களைக் கைவிட்டதும் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. இப்போது குரோமின் இணையக் கடையில் கிடைத்த ஒரு நீட்டிப்போ, எல்லா இணையதளங்களிலும் என் தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கிறது. திருடனைப் பிடிக்க வந்தவன் பீரோ சாவியைக் கேட்டால் கொடுப்போமா?

நம்பகமான நீட்டிப்பு எதையாவது நீங்களே பயன்படுத்தியிருக்கிறீர்களா? இல்லையென்றால் தனியாகப் பதிவிறக்கி ஓட்டும் வைரஸ் சோதனை நிரலான மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் போதுமா? பதிவிறக்கிய 10 நாளில் அது காலாவதியாகிவிடும் என்பது தெரியும். விண்டோஸுடனேயே வரும் டிஃபெண்டரில் முழுச் சோதனை மூன்று மணி நேரம் ஓடியும் முடியவில்லை. கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் ஏறும் முன்பே தேடும் அதன் ஆஃப்லைன் சோதனையை இன்னும் தொடவில்லை.

சிவப்புப் பெட்டி ஏதோ ஓர் இணையதளம் குரோம் வழியாக அனுப்பும் வெறும் அறிவிப்புதான் என்று சந்தேகிக்கிறேன். ஆனால் தேடுபக்கம் மாறியதற்குக் காரணம் பிடிபடவில்லை. ஓய்வூதிய வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை என் போனிலிருந்து மாற்றிவிட்டேன்.

தயவுசெய்து ஃபார்மட் செய்யச் சொல்லாதீர்கள். பேத்தியின் படங்களை இன்னும் வெளியே எடுக்கவில்லை.